மழையில் பார்த்த வீடு

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஆண்டில் நாங்கள் பதினொரு வீடுகள் பார்த்தோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய டிசம்பர் கடைசி வரை கெடு. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. படியேறுவதைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆகவே தரைத்தளம்தான் வேண்டும். ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. எங்கள் பக்கத்தில் அப்படி முடிவதில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்குவது பெரும்பாலும் தரைத்தள வீடுகளில்தான். மாடி வீட்டுக்கு அட்டை தொங்கும் நேரமே வராது, காலியாவதற்கு முன்பே ஆள் வந்துவிடும். கீழ் வீடுகளில் தண்ணீர் புகும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இந்த வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும். மாடி கேட்டு வருகிறவர்களில் எத்தனையோ பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வாழ்நாள் உழைப்பை ஒரே வீட்டில் போடப் போகிறவர்கள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "ஃபர்ஸ்ட் ஃப்ளோர் எதுனா காலியா கீதா?" என்று புரோக்கரிடம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஆவடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். இன்னொருவர் திருவள்ளூர் பக்கம் மனை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"புயலுக்குப் பயந்துகினு மேற்கால ஓடுறானுங்க," என்பார் அப்பா. "காத்தே இல்லாத ஊர்ல குந்திகினு இன்னா பண்ணுவானுங்க? சுவரப் பாத்துகினு இருப்பானுங்களா?"

அவர் போகாததற்கான காரணங்களை நான் எழுதி வைத்திருந்தேன். பென்ஷன்காரர்களுக்கான ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது. ஞாயிறு காலைப் பூசைக்கு அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்ச் இங்கே இருக்கிறது. காசிமேட்டு மீன். இன்னொன்றை அவர் சொல்ல மாட்டார், நானே சேர்த்துக்கொண்டேன்: டீக்கடையில் அவரைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கும் நான்கு பேர்.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். பட்டியல் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. வீடு தேடலுக்கென்று ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அதே பதினான்கு கேள்விகளை எழுதிப் பதில் குறித்தேன். பட்டா யார் பெயரில், படி எத்தனை, செப்டிக் டேங்க் எங்கே, கூரையில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, இப்படி. பதினான்காவது கேள்வி கடைசியாகத் தோன்றியது: 'மழையில் ஒருமுறை போய்ப் பார்த்தாயிற்றா?' எந்த வீட்டுக்கும் அந்த இடம் நிரம்பவில்லை. நாங்கள் பார்க்கப் போனதெல்லாம் வெயிலில்.

பதினோராவது வீடு திருவொற்றியூருக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டி, மணலிக்குப் போகும் வழியில் ஒரு உள்தெருவில் இருந்தது. தனி வீடு, தரைத்தளம் மட்டும், வெளியிலிருந்து மொட்டைமாடிக்கு ஒரு படிக்கட்டு. வீட்டுக்காரர் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். ஓசூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார்கள், அதனால் விற்கிறார்கள் என்றார் புரோக்கர்.

"தண்ணி நிக்குமா அண்ணே?" அப்பா நேராகக் கேட்டார்.

"ரோட்டுத் தண்ணி வாசப்படி ஏறாதுப்பா. நீயே பாத்துக்கோ, எவ்ளோ ஒசரமா கீது," என்றார் வீட்டுக்காரர். அவர் மனைவி அப்போது உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சைட்டிலிருந்து லெவல் பார்க்கும் கருவியை இரவல் வாங்கிப் போனேன். முக்காலியில் அதை நிறுத்தி, அப்பாவை அளவுகோலோடு தெருவில் ஒருமுறை, வாசல்படியில் ஒருமுறை நிற்க வைத்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னா மேடம், மெட்ரோ வருதா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "வந்தா மொதல்ல உன் வூட்டத்தான் இடிப்பாங்க," என்றார் புரோக்கர்.

தெருவைவிட வாசல்படி ஒன்றே முக்கால் அடி உயரம். என்னுடைய கணக்கில் அது நல்ல எண். நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். அன்றே அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் திங்கட்கிழமை அக்ரிமென்ட் என்று முடிவானது. "இந்த வருஷம் கிறிஸ்மஸ் ஸ்டார் அந்த வூட்டு வாசல்லதான்," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அந்த வீட்டை இன்னும் பார்க்கவில்லை. படி இல்லாத வீடு, பார்க்க என்ன இருக்கிறது என்று நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம்.

அந்த வார வெள்ளிக்கிழமை வங்கக் கடலில் புயல் உருவானது. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள்.

எங்கள் வீட்டில் வானிலை அறிக்கையை யாரும் கேட்க மாட்டோம். கூண்டு எண்ணைக் கேட்போம். எண் ஏற ஏற ஆபத்து கூடுகிறது என்று பொருள். எந்த எண்ணுக்குக் கிரேனை நிறுத்த வேண்டும், எந்த எண்ணுக்கு அதன் கையைக் கட்டிப்போட வேண்டும், எந்த எண்ணுக்குக் கப்பல்கள் கரையை விட்டு ஆழ்கடலுக்குப் போய்விடும் என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். முப்பது வருடங்களுக்கு மேல் அந்த எண் சொன்னபடி நடந்து அவருக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

"மூணுதான். அதுவும் ஆந்திராவுக்குப் போய்கினு கீது. நமக்குக் காத்தும் மழையும்தான்," என்றார்.

ஞாயிறு முழுக்க மழை. திங்கட்கிழமை விடிந்தபோதும் நிற்கவில்லை. அக்ரிமென்ட்டைப் புதன்கிழமைக்குத் தள்ளிவைத்ததாகப் புரோக்கர் போன் செய்தார். அப்பா என் நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரெயின்கோட்டை மாட்டினார்.

"எங்கப்பா?"

"நீதான எழுதிகீற. மழைல ஒருவாட்டி பாக்கணும்னு. போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். காத்து ஒண்ணும் இல்ல."

எட்டு மணிக்கு அவர் பைக் கிளம்பியது. நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் காலி இடம் நிரம்பப்போவதில் எனக்குத் திருப்திதான்.

பத்து மணிக்கு ஏரியிலிருந்து உபரிநீர் திறந்துவிட்டிருப்பதாகத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அப்பாவின் போனை அழைத்தேன். முதல் முறை மணி அடித்தது. இரண்டாவது முறை தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அதன்பின் அதே பதில்தான். புரோக்கரின் போனும் எடுக்கப்படவில்லை.

அம்மா ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்குத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவுரு உன் பேச்ச என்னிக்குக் கேட்டாரு? இன்னிக்குப் பாத்துக் கேட்டுகீறாரு," என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டார்ச், பிளாஸ்டிக் உறையில் போன், ஒரு பாட்டில் தண்ணீர், கயிறு, அப்பாவின் பிரஷர் மாத்திரை. எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டோல்கேட் வரை ஆட்டோ வந்தது. அதற்கு மேல் வர மாட்டேன் என்றார் ஓட்டுநர். நெடுஞ்சாலையில் வடக்கே நடந்தேன். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை நிறையத் தண்ணீர். ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறி அந்தப்பக்கம் இறங்கியபோது முழங்கால் வரை நனைந்தது.

அங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். கடல் எனக்குப் பின்னால், கிழக்கே. ஏரித் தண்ணீரோ எதிரே மேற்கிலிருந்து, என் கால்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. மேலே தொழிற்சாலைகளின் எண்ணெய்ப் படலம், நாசியில் ஏறும் வாடை. புயல் என்றால் கிழக்கே பார்க்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வரும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

உள்தெரு முனையில் தொடை வரை ஏறியது. ஒரு மாடி பால்கனியிலிருந்து ஒரு பெண் கத்தினார்.

"எங்கம்மா போற? பள்ளம் கீது அங்க!"

"எங்க அப்பா வந்தாரா? ரெயின்கோட்டு, கறுப்பு பைக்கு."

"பைக்கு அதோ படுத்துகினு கீது பாரு. ஆளு ஃபிட்டர் வூட்டுல கீறாரு. சுவரோரமா போ. நடுவுல போவாத!"

பைக்கின் ஹேண்டில் மட்டும் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அப்பாவும் வீட்டுக்காரரும் பிரிட்ஜைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா சமையலறையிலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு முடிஞ்சிதா? ஏழு, மிக்ஸி, கிரைண்டர். பரண்ல ஏத்து. மெதுவா, மெதுவா! போன தபா உடைச்ச மாதிரி உடைக்காத."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் பயம் வந்துபோனது. "நீ ஏன் வந்த?" என்றார். நான் மாத்திரையை நீட்டினேன். வாங்கி, தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். நான் அளந்த வாசல்படியைத் தெருத் தண்ணீர் தாண்டியதே பிற்பாடுதானாம். அதற்கு வெகு முன்பே பின்பக்கக் குளியலறை ஓட்டை வழியாகவும் கழிப்பறை வழியாகவும் பொங்கி உள்ளே வந்துவிட்டது. ஓட்டையில் திணித்த துணியும் அதன்மேல் வைத்த மணல் மூட்டையும் நகர்ந்து ஒதுங்கியிருந்தன. வீட்டைத் தெருவோடு ஒப்பிட்டு அளந்தேனே தவிர, தெருவே பள்ளமா என்று எதோடும் ஒப்பிடவில்லை. முதலாம் ஆண்டு மாணவிகூடச் செய்யாத தவறு.

அரிசி டிரம்மை எடுக்கச் சமையலறைக்குப் போனபோதுதான் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம். நீல மையில், குண்டு எழுத்தில் ஒரு பட்டியல்.

1. மெயின் ஆஃப். 2. சிலிண்டர். 3. பத்திரப் பை. 4. இன்சுலின். 5. அவர் காலுக்குக் கவர். 6. பிரிட்ஜ், கட்டில் மேல்...

பதினெட்டு வரை போனது. ஒவ்வொரு வரிக்கும் நேரே டிக் அடித்த கட்டங்கள். நீலத்தில் ஒரு வரிசை, சிவப்பில் ஒன்று, பென்சிலில் ஒன்று, கறுப்பில் ஒன்று. ஐந்தாவது வரிசை இப்போது பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ஆறு வரை வந்திருந்தது. என் நோட்டில் இருந்ததைவிட நல்ல பட்டியல் அது. எதை முதலில் தூக்க வேண்டும் என்று அதை எழுதியவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

நான் படிப்பதை அந்த அம்மா பார்த்தார். ஸ்கெட்ச் பேனாவை என்னிடம் கொடுத்தார். "ஏழுக்குப் போடு," என்றார். போட்டேன்.

ஒரு மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறினோம். அங்கே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதுவும் தயாராக இருந்தது: நான்கு நாற்காலிகள், ஸ்டவ், பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர். வீட்டுக்காரரின் கால்களில் மாட்டியிருந்த கவர்களை அவர் மனைவி கழற்றினார். வலது பாதத்தில் கட்டு. கட்டும் நனைந்திருந்தது. சர்க்கரைக்காரர் பாதத்தில் புண், அதை இந்தத் தண்ணீரில் வைத்து நின்றிருக்கிறார். அந்த அம்மா கட்டைப் பிரித்த விதத்திலேயே இது எத்தனையாவது முறை என்பது தெரிந்தது.

அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்தே இல்லியே," என்றார் யாரிடமும் இல்லாமல். "மூணுதான ஏத்துனாங்க."

"கூண்டு கப்பலுக்குப்பா," என்றார் வீட்டுக்காரர். "நம்ம தெருவுக்கு எவன் ஏத்துறான்?"

அப்பா திரும்பினார். "தண்ணி வராதுன்னியே அண்ணே."

"நீ இன்னா கேட்ட? நான் இன்னா சொன்னேன்? ரோட்டுத் தண்ணி வாசப்படி ஏறாதுன்னேன். உன் பொண்ணே மெஷின் வச்சிப் பாத்துச்சி..."

"யோவ், வாய மூடுய்யா," என்றார் அவர் மனைவி. "ஆத்து மேல நின்னுகினு பேசுற பேச்சா இது? வரும் தம்பி. ஒவ்வொரு பெரிய மழைக்கும் வரும். அன்னிக்குச் சொல்லக் கூடாதுன்னுதான் டீ போட்டுகினு உள்ளயே நின்னேன். வெளிய வந்தா சொல்லிப்புடுவேன்னு."

புதுக் கட்டுத் துணியை எடுத்து உதறினார்.

"எங்களுக்கு ஓசூர் போணும்னு ஆசையில்ல," என்றார் அவர் மறுபடி. "இவுரு கால எடுத்துடுவேன்னு டாக்டரு சொல்லிகீறாரு. அடுத்த மழைக்குள்ள இங்க இருந்து போயாவணும். வித்தாத்தான் அங்க எதுனா ஒண்ணு பாக்க முடியும். மருமவ வூட்டுல எத்தினி நாளு குந்தறது? இத்த வாங்கிக்கோன்னு உன்ன சொல்ல மாட்டேன். ஆனா வெளிய எங்கியும் சொல்லிகினு போவாத. அவ்ளோதான்."

அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்த வாக்கை அவர் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை. இந்த மனிதர்களுக்காகவே, இந்தக் காலுக்காகவே, சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அம்மா அந்த முட்டிகளோடு இந்தப் படிக்கட்டில் தண்ணீருக்குத் தப்பி ஏறுவதை மனதில் பார்த்தேன். படி இல்லாத வீடு என்று நாங்கள் சொன்ன வீட்டில், ஏறியே ஆக வேண்டிய பதினான்கு படிகள். கைப்பிடி கிடையாது.

"யாருனா வந்து கேட்டா சொல்லுவேன் அண்ணி," என்றார் அப்பா கடைசியில். "கேக்காதவன்கிட்ட நானா போய்ச் சொல்ல மாட்டேன். என்னால அவ்ளோதான் முடியும். வூடு எனக்கு வேணாம். என்ன மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா தலையாட்டினார். கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். அதன்பிறகும் மூன்று மணிநேரம் நாங்கள் நால்வரும் அதே கொட்டகையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று மணிநேரத்தில் அந்த அம்மா எங்களுக்கு இரண்டு முறை டீ போட்டுக் கொடுத்தார்.

நாலரை மணிக்கு எண்ணூர் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரரை முதலில் ஏற்றினோம். அப்பா ஏறியபோது படகு ஆடியது, தடுமாறினார்.

"இன்னா நைனா, எங்க வேலை உனக்கு?" என்றார் படகுக்காரர்.

"போர்ட்ல."

"போர்ட்ல வேலை பாத்துட்டு போட்ல ஏறத் தெரிலியா? நல்லா கீது போ. குந்து, குந்து, ஓரத்துல நிக்காத."

வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

நெடுஞ்சாலையில் இறங்கியதும் எனக்கு சிக்னல் வந்தது. அம்மாவின் அழைப்புகள் இருபத்தாறு. எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "கூட கீறாரா?" இருக்கிறார் என்றேன். போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்தோம். அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார், அலமாரிக் கதவில் இருந்த பட்டியல் வரை. பிறகு, "வேற கீழ்வூடு பாப்போம், டைம் கீது," என்றார்.

"டோல்கேட்டாண்ட ஒண்ணு பாத்தீங்களே, மாடி. அதுக்கு எத்தினி படி?" என்று கேட்டார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நோட்டைத் திறந்தேன். ஏழாவது வீடு. சந்து ஒன்றில் சின்ன அடுக்குமாடி, முதல் தளம், லிஃப்ட் இல்லை. 'படி 19, நிராகரிப்பு' என்று எழுதியிருந்தேன். அந்த வீட்டுக்கு மட்டும் மற்ற பதிமூன்று கேள்விகளை நான் கேட்கவே இல்லை.

"பத்தொம்பது. உன்னால முடியாதும்மா."

"யார கேட்டு எழுதின?"

பக்கங்களைப் புரட்டினேன். பதினான்கு கேள்விகளில் ஒன்றுகூட அம்மாவிடம் கேட்கும் கேள்வியாக இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்ததும் மூவரும் அந்த மாடி வீட்டுக்குப் போனோம். புரோக்கர் வாசலிலேயே நின்றிருந்தார். "போன மாசமே எடுத்திருக்கணும் மேடம். இப்ப மாடின்னா அடிச்சிக்கிறாங்க. இத்தோட நாலாவது பார்ட்டி. யாரு மொதல்ல சரின்னு சொல்றாங்களோ அவங்களுக்குன்னு ஓனர் சொல்லிட்டாரு. பின்னாலயே இன்னொருத்தர் வந்துகினு கீறாரு," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஆட்டோ நின்றது. அறுபது வயதைத் தாண்டிய கணவன் மனைவி இறங்கினார்கள். அந்த அம்மாளின் முட்டியிலும் உறை மாட்டியிருந்தது.

அம்மா அவர்களை ஒருமுறை பார்த்தார். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினார். படிக்கட்டு ஒருவர் மட்டும் போகும் அகலம். அப்பா அவருக்குப் பின்னால், நான் அப்பாவுக்குப் பின்னால், எனக்குப் பின்னால் அந்தத் தம்பதி. யாராலும் யாரையும் தாண்ட முடியாது.

எட்டாவது படியில் அம்மா நின்றார். மூச்சு வாங்கியது. பதினொன்றில் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். அப்பா அவர் தோளைத் தொட்டார். "வேணாம், இறங்கிடலாம்," என்றார் மெதுவாக.

பின்னாலிருந்து அந்தக் கணவர், "இன்னாம்மா, வழி வுடுறீங்களா? நாங்க ஒரு தபா பாத்துட்டு வந்துடுறோம்," என்றார்.

அம்மா நகரவில்லை. "இருங்க சார்," என்றார். "இன்னும் எட்டுதான் கீது."

முழுசாக ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு எழுந்தார். ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதே படிக்கு இழுத்து, ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி, கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, கீழே நின்ற புரோக்கரிடம் சொன்னார்.

"எங்களுக்கு சரி. ஓனருக்குப் போன் போடு."

எனக்குப் பின்னால் நின்ற அந்த அம்மாள், இறங்குவதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார்.